மறுப்புக் கடிதம்

"அழாம சொல்லுங்கம்மா," என்றார் செயலாளர்.

"நான் அழலையே சார்," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த பெண்.

செயலாளருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அங்கே வருகிறவர்கள் அழுவார்கள். தண்ணீர் கொடுத்து, நாலு வார்த்தை ஆறுதல் சொல்லி, அரைமணி நேரத்தில் அனுப்பிவிடலாம். அழாதவர்களிடம்தான் மாரடிக்க வேண்டியிருக்கும்.

அரசு வழக்கறிஞர்கள் தப்புத்தண்டா செய்தால் விசாரிப்பதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட சுதந்திரக் கண்காணிப்புக் குழு அது. அரசு வழக்கறிஞர்களின் தலைமை அலுவலகம் இருந்த அதே கட்டடத்தில் மூன்றாவது மாடி. சுதந்திரமான அமைப்பாயிற்றே என்று மாடிப்படி மட்டும் தனியாகக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒன்பது வருடங்களில் வந்த புகார்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. நிரூபணமானது ஒன்றுகூட இல்லை. இந்த அருமையான சேவையைப் பாராட்டி அரசு வழக்கறிஞர் சங்கமே ஒரு கேடயம் கொடுத்திருந்தது.

செயலாளர் படிவத்தைப் புரட்டினார். புகாருக்கு ஆளானவர் என்ற இடத்தில் ஒரு வெளியூர் நீதிமன்றத்தின் அரசு வழக்கறிஞர் என்று பதவியை மட்டும் எழுதியிருந்தாள்.

"உங்க பேர் எழுதற இடம் காலியா இருக்கே?"

"விசாரிப்பீங்கன்னா எழுதறேன் சார்."

பயப்படுகிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டார். "ஜெயில்ல இருக்கறது உங்க வீட்டுக்காரரா?"

"இல்ல சார். அவர் சம்சாரம் நடையா நடந்து ஓஞ்சு போயிட்டாங்க. அவருக்காகப் பேச இப்போ நான் ஒருத்திதான்."

அப்படியானால் தங்கையாக இருக்கும். கூடப் பிறந்த பாசம் யாரை விட்டது?

"சரி, விஷயத்தைச் சொல்லுங்க."

"ஒரு கிடங்கு தீப்பிடிச்சு காவல்காரர் செத்துட்டார். இவர்தான் வெச்சார்னு ஆயுள் தண்டனை. பதினோரு வருஷமா உள்ள இருக்கார். ஆனா தீப்பிடிச்ச நேரத்துல இவர் எண்பது கிலோமீட்டர் தள்ளி பஸ்ல போயிட்டிருந்தார். கண்டக்டரே போலீஸ்ல வாக்குமூலம் கொடுத்திருக்கார். அரசு வழக்கறிஞர் அதை கோர்ட்ல காட்டவே இல்ல. எதிர்த்தரப்புக்கும் கொடுக்கல."

"கண்டக்டரைக் கூட்டிட்டு வர முடியுமா?"

"போன வருஷம் தவறிட்டார். இந்தத் தாள் ஒண்ணுதான் மிச்சம்."

பழுப்பேறிய தாளை மேசைமேல் வைத்தாள். அசல்தான். காவல்நிலைய முத்திரைகூட அழியாமல் இருந்தது.

"இது எங்க கிடைச்சது உங்களுக்கு?"

"அரசு வழக்கறிஞரோட அலமாரியில."

"அடப்பாவமே! திருட்டு வேலை வேற பண்ணீங்களா? உங்க மேலயே கேஸ் வரும் தெரியுமா?"

"வரட்டும் சார்."

தைரியத்தில் ஒன்றும் குறைச்சல் இல்லை. "நேரா கோர்ட்டுக்கே போக வேண்டியதுதானே?"

"கேட்டுப் பார்த்தேன். அரசு வழக்கறிஞர் மறைச்சார்னு உங்க குழு ஒரு வரி எழுதிக் கொடுத்தா, வழக்கைத் திரும்ப எடுக்கலாம்னு சொன்னாங்க. அந்த ஒரு வரிதான் வேணும் சார்."

செயலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எங்க நடைமுறையைச் சொல்றேன், கேளுங்க. உங்க புகாரை அந்த அரசு வழக்கறிஞருக்கே அனுப்புவோம். இப்படிப் பண்ணீங்களான்னு கேப்போம். இல்லைன்னு ஒரு மறுப்புக் கடிதம் வரும். ஃபைலை மூடிடுவோம்."

"அவ்வளவுதானா?"

"பின்ன? சம்பந்தப்பட்டவரைக் கேக்காம முடிவு பண்ணா அது நியாயமாம்மா?"

"ஆமா, பண்ணேன்னு சொல்லிட்டா?"

செயலாளருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வெகுநாட்களுக்குப் பிறகு ஆபீசில் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஒன்பது வருஷத்துல ஒரு ஆள் சொன்னதில்ல. அவங்கல்லாம் படிச்சவங்கம்மா! அப்படிச் சொல்லிட்டா விசாரணையே தேவையில்ல. அந்த நிமிஷமே நீங்க கேக்கற வரியை எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்துடுவேன். விதியே அப்படித்தான்."

"சொன்னா அவங்களுக்கு என்ன ஆகும்?"

"வேலை போகும். வக்கீல் உரிமம் போகும். ஜெயிலுக்குப் போனாலும் போகலாம். எந்தப் பைத்தியக்காரன் சொல்லுவான்?"

அவள் மேசைமேல் இருந்த தாளின் மடிப்பை விரலால் நீவிவிட்டாள். அதைப் பார்த்ததும் செயலாளருக்கு மனசு இளகிவிட்டது. என்ன இருந்தாலும் அவரும் குடும்பஸ்தர்.

"எங்கிருந்து வர்றீங்க?"

"நாலு மணி நேரம் சார், பஸ்ல."

"ஐயோ, மறுப்புக் கடிதத்தை வாங்கறதுக்கு இன்னொரு தடவை அலைவீங்களா? வேண்டாம். உங்க எதிர்லயே போன் போட்டுக் கேட்டுடறேன். அவர் இல்லைன்னு சொல்றதை உங்க காதாலயே கேட்டுட்டு, அண்ணன் விதி அவ்வளவுதான்னு மனசைத் தேத்திக்கிட்டு ஊர் போய்ச் சேருங்க."

அவள் தடுக்கவில்லை. ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள்.

செயலாளர் அரசு வழக்கறிஞர்களின் பட்டியலை எடுத்தார். ஊரையும் பதவியையும் விரலால் தேடி, அதற்கு நேரே இருந்த கைபேசி எண்ணை அழுத்திவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள் கைப்பைக்குள் மணி அடித்தது.

அவள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சொல்லுங்க சார், அரசு வழக்கறிஞர்தான் பேசறேன். ஆமா, மறைச்சேன்... எழுதிக்கோங்க."