இரண்டாவது சரிகை

"அடி பாவி, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க! இது டீட்ஸ் கொடுத்த சரிகை. என் சட்டையில தைச்சிருக்க!"

பிர்க்ஹோல்ஸ் அணிவகுப்புச் சட்டையைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். இரண்டு கைகளிலும், அவனுக்குரிய ஒற்றைச் சரிகைக்கு மேலே, இன்னொரு பொன் வளையம் பளபளத்தது.

அந்த இரண்டாவது வளையம் கம்பெனிக்கு ஒருவருக்குத்தான். கம்பெனியின் மூத்த ஹவில்தாரான தலைமை ஃபெல்ட்வேபெல் மட்டும் அணிவது. சிப்பாய்கள் 'கம்பெனியின் அம்மா' என்று கூப்பிடுகிற ஆள். பழையவர் ரயில்வே வேலைக்குப் போய்விட்டார். அந்த இடம் பிர்க்ஹோல்ஸுக்கா, டீட்ஸுக்கா என்று இன்றைய அணிவகுப்பில் கேப்டன் சொல்லப்போகிறார். இருவருமே இப்போது துணை ஃபெல்ட்வேபெல்கள்.

டீட்ஸுக்குச் சந்தேகமே இல்லை. முந்தாநாளே தன் சட்டையையும் ஓர் உருண்டை நிறையப் புதுச் சரிகையையும் கொண்டுவந்து பிர்க்ஹோல்ஸின் மனைவி மால்வீனேயிடம் நீட்டிவிட்டான். "தைச்சு வைங்கம்மா. சாயங்காலம் பீர் மேசையில இதோடதான் உக்காரப்போறேன். உங்க வீட்டுக்காரருக்கும் ஒரு கோப்பை வாங்கித் தர்றேன், பாவம்." கம்பெனியின் தையல் வேலையெல்லாம் மால்வீனேயிடம்தான் வரும்.

அவள் உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பதில் சொன்னாள். "ரெண்டு சட்டையும் ஒரே நீலம். விளக்கு வேற மங்கல்."

"நேத்து கேப்டன் வந்து பொத்தான் தைச்சுக்கிட்டுப் போனதுல இருந்தே உன் புத்தி இங்க இல்ல. பிரிச்சுடு, சீக்கிரம்!"

"பிரிச்சா ஊசி ஓட்டை தெரியும். அதுக்கும் சேர்த்துத் திட்டு வாங்குவீங்க."

"இன்னொரு சட்டை எங்க?"

"தொட்டியில ஊறுது."

"இன்னிக்குத்தானா ஊறப்போடணும்?"

கீழே மைதானத்தில் கொம்பு ஊதினார்கள். பிர்க்ஹோல்ஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். பெறாத பதவியின் சரிகையை அணிந்தால் காவல் அறை. அந்த இடமும் போய்விடும்.

"உனக்கென்ன, நிம்மதிதான். 'நூத்துக்கணக்கான பேரோட காலுறை நாத்தம் போதும், ரயில்வேயில வேலை வாங்குங்க, தோட்டத்தோட வீடு, நாலு வாத்து'ன்னு மாசக்கணக்கா சொல்லிக்கிட்டிருக்க. நானும் வாய மூடிக்கிட்டிருந்தேன். எனக்கு அந்த இடம் வேணும், மால்வீனே. ரொம்ப வேணும்."

"தெரியும்," என்றாள் அவள். "தூக்கத்துல ஒவ்வொருத்தன் பேரா ஆஜர் கூப்பிடறீங்களே. எந்திரிங்க. கையை உடம்போட ஒட்டி வெச்சுக்கிட்டா யாருக்கும் தெரியாது."

தெரிந்தது. வரிசையில் பக்கத்தில் நின்ற டீட்ஸின் கண்ணுக்குத்தான் முதலில் தெரிந்தது.

"அட, என் சரிகை!" என்று உதடு அசையாமல் சிரித்தான். "கேப்டன் வாயத் திறக்கறதுக்குள்ள நீங்களே பதவி ஏத்துக்கிட்டீங்களா? உங்க வீட்டம்மாவுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்க, ஐயா."

"டீட்ஸ், உனக்குப் புண்ணியமாப் போகும். சும்மா இரு."

டீட்ஸ் சும்மா இருக்கவில்லை. கேப்டன் அருகில் வந்ததும் குதிகாலைத் தட்டி ஓரடி முன்னே வந்தான்.

"கேப்டன் ஐயா! துணை ஃபெல்ட்வேபெல் பிர்க்ஹோல்ஸ் தனக்கு இல்லாத சரிகையைப் போட்டிருக்கார்!"

கேப்டனின் மீசை லேசாக அசைந்தது.

"கையை நீட்டு, பிர்க்ஹோல்ஸ்."

நீட்டினான். கேப்டன் குனிந்து தையலை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"யார் தைச்சது?"

"என் மனைவி, ஐயா. ஆனா தப்பு அவ மேல இல்ல. நான்தான் பார்க்காம போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

"பார்க்காமலா?"

"பார்த்துட்டுத்தான் போட்டேன், ஐயா. தண்டனை எனக்கே கொடுங்க."

"கொடுக்கத்தான் போறேன். நூத்துக்கணக்கான தடியனுங்களைக் கட்டி மேய்க்கிற தண்டனை." கேப்டன் நிமிர்ந்து கம்பெனியைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "உங்க புது அம்மா இவர்தான்!"

தொப்பிகள் பறந்தன. "ஹுர்ரா!" என்ற கூச்சலில் லாயத்துக் குதிரைகள் மிரண்டன. டீட்ஸ் மட்டும் திறந்த வாயோடு நின்றான். "ஐயா... அந்தச் சரிகை என்னோடது..."

"நல்ல சரிகை, டீட்ஸ். சாயங்காலம் பீரும் உன்னோடதுன்னு கேள்விப்பட்டேன்."

பிர்க்ஹோல்ஸுக்கு இன்னும் விளங்கவில்லை. கேப்டன் அவன் காதருகே குனிந்தார்.

"எனக்குப் பொத்தான் தைக்க வேலையாள் இல்லையாப்பா? இந்தப் படை வீட்டுல உன்னோட குடியிருக்கப்போறது அவங்க. அதனால நேத்து அவங்ககிட்டத்தான் முதல்ல கேட்டேன். 'புருஷன்கிட்ட மூச்சு விடாதீங்க. சம்மதம்னா இரண்டாவது சரிகையைத் தைச்சு அனுப்புங்க. இல்லேன்னா ஒத்தையோட அனுப்புங்க, டீட்ஸுக்குக் கொடுத்துடறேன்'னேன்."

பிர்க்ஹோல்ஸ் மாடிச் சன்னலை அண்ணாந்து பார்த்தான். தொட்டியில் ஊறுவதாகச் சொன்ன சட்டையை மால்வீனே அங்கே உதறிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு ஈரமில்லாத அதன் கைகளிலும் இரண்டிரண்டு சரிகைகள் வெயிலில் மின்னின.