நாடி அறுபத்துநான்கு

அதிபர் இறந்துவிட்டதாக வானொலி அறிவித்தபோது, நர்ஸ் அவருடைய நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அறுபத்துநான்கு.

பக்கத்து அறையிலிருந்து அறிவிப்பு தெளிவாகவே கேட்டது. பிற்பகல் மூன்று பத்துக்கு உயிர் பிரிந்ததாம். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பதினைந்து. ஜன்னலோரக் கட்டிலில் அவர் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தாள். பெரிய டாக்டரும் அதிபரின் செயலாளரும் சுவரோரம் நின்றிருந்தார்கள். அவள் வருவாள் என்று தெரிந்தே நின்றவர்கள் போலிருந்தது.

“தப்பா சொல்லிட்டாங்க சார். ஐயா நல்லாத்தான் இருக்கார்.”

டாக்டர் தன் ஷூ முனையைப் பார்த்தார். செயலாளர்தான் பேசினார், குரலை உயர்த்தாமல்.

“ரேடியோல சொல்லியாச்சும்மா. அஞ்சு மணிக்குத் துணை அதிபர் பதவி ஏத்துக்கிறார். நீங்க வீட்டுக்குப் போங்க. மத்ததை டாக்டர் பாத்துப்பார்.”

மற்றது எது என்று அவள் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். டாக்டரின் கை ஏன் கோட்டுப் பையை விட்டு வெளியே வரவில்லை என்று புரியாதவள் அல்ல.

“நான் உள்ள இருக்கிற வரைக்கும் அவர் என் பேஷன்ட் சார்.”

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்து உட்கார்ந்தாள்.

யாரும் கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால்கூடத் தேவலை.

தெருவில் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. மூடிய கண்ணாடிக்கும் கனத்த திரைக்கும் இந்தப் பக்கம், அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது.

அவர் கண் விழித்தார்.

“என்ன சத்தம்?”

“நீங்க தவறிட்டதா யாரோ கிளப்பிவிட்டுட்டாங்க ஐயா. ஜனங்க அழறாங்க.”

அப்படித்தான் அவளும் நினைத்திருந்தாள்.

வற்றிய அந்த முகத்தில் ஒரு நிறைவு பரவியது.

“பாவம். திரையை விலக்கும்மா. என்னைப் பாக்கட்டும்.”

அவள் எழுந்து, தன் முகம் நுழையும் அளவுக்கு மட்டும் விலக்கிப் பார்த்தாள்.

கீழே யாரும் அழவில்லை.

முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பெண்கள் எதிர்ச்சுவரில் இருந்த அதிபரின் படத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். கிழவர் ஒருவர் நடுத்தெருவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். போலீஸ்காரர்கள் பார்த்தும் பாராததுபோல் நின்றார்கள்.

“பாக்கறாங்களா?” என்றார் பின்னாலிருந்து.

அவள் கூட்டத்தில் ஒரே ஒரு முகத்தைத் தேடினாள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

திரையை இழுத்து மூடினாள். அவருடைய போர்வையைச் சரிசெய்தாள்.

“இதோ வந்துடறேன் ஐயா.”

தாழ்ப்பாளைத் திறந்தாள். டாக்டரைத் தாண்டி நடந்தாள். கதவைச் சாத்தவில்லை.

வாசலில் அண்ணி ஓடிவந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு கையெழுத்து போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லி அதிபரின் ஆட்கள் கூட்டிப்போன அண்ணனின் மனைவி. இன்னமும் அவன் சட்டைகளைத் துவைத்து மடித்து வைக்கிறவள்.

“நிஜமாவா? உன் கண்ணால பாத்தியா?”

“பாத்தேன் அண்ணி. போய்ச் சேந்துட்டார்.”

அண்ணி அவள் தோளில் முகத்தைப் புதைத்து, ஒன்பது வருஷமாக அழாததை அழுதாள். அவளை அணைத்தபடி நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டாம் மாடி ஜன்னலில் திரை அசைந்தது. உள்ளிருந்து யாரோ அதை விலக்கப் பார்ப்பதுபோல் ஒருமுறை, இன்னொருமுறை.

அண்ணி தலையைத் தூக்குவதற்குள், அவளை மெல்லத் தெருப்பக்கம் திருப்பி நிறுத்திக்கொண்டாள்.