மண்ணுக்கடியில் ஓர் அறை

"கீழ ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நர்ஸ் இப்படிக் கேட்டதும், மண்ணுக்கடியில் என்ன இருக்கிறதென்று ரேடார் வைத்துப் பார்க்க வந்திருந்த ரேடார்காரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருட வேலையில் மண்ணுக்கடியில் இருப்பதை இல்லை என்று அவள் எழுதியதே கிடையாது. அதை முகத்தில் அடித்த மாதிரி சொல்லியும்விட்டாள்.

நர்ஸ் விடுவதாக இல்லை. இடிந்த கோட்டைச் சுவரை ஒட்டிய இந்தக் காலி மனையில்தான் பிரசவ ஆஸ்பத்திரி வரப்போகிறது. இப்போதிருக்கிற வாடகை அறையில் மழை பெய்தால், பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் வாளி வைக்க வேண்டியிருக்கிறது. கீழே பழைய கட்டடம் ஏதாவது தென்பட்டால் அனுமதி ரத்து. வேறு இடமும் கிடையாது.

"செத்த கல்லுக்காக உயிரோட இருக்கறவ நனையணுமா?" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பட்டப்பெயரே 'சரித்திரம்'. மனு மேல் மனு போட்டு வேலையை நிறுத்தி வைத்திருப்பவர் அவர்தான். முன்னோர் சொத்தில் கடப்பாரை படக் கூடாது என்று கண் கலங்கப் பேசினார். ரேடார்காரிக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. தனக்கென்று எதுவும் பார்க்காமல் மண்ணுக்காக மல்லுக்கட்டுகிற மனிதர்கள் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறார்கள்?

மூன்று சக்கர வண்டியில் பொருத்திய ரேடாரை வரிசை வரிசையாகத் தள்ளிக்கொண்டு போனாள். பெரியவர் வீட்டு மதிலை நெருங்கும்போது திரையில் அது விழுந்தது. இடுப்பளவு ஆழத்தில் சதுரமாக ஓர் அறை, மேலே தட்டையான மூடி.

நர்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சரித்திரத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் சொல்லலை? ராஜா காலத்துப் பாதாள அறைம்மா. தோண்டவே கூடாது. காலாகாலத்துக்கும் மூடியே கிடக்கணும்."

தோண்டிப் பார்க்க ஆசைப்படாத சரித்திரப் பிரியரை அவள் இன்றுதான் பார்க்கிறாள். ஆனாலும் நீளவாக்கில் பார்த்ததைக் குறுக்குவாக்கிலும் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது அவள் வழக்கமில்லை. வண்டியைத் திருப்பினாள்.

குறுக்கே போன ஒவ்வொரு வரிசையிலும் திரையில் ஒரு சின்ன வளைவு விழுந்தது. குழாய் புதைந்திருந்தால்தான் அப்படி விழும். விழுந்த இடத்திலெல்லாம் அடையாளத்துக்குக் குட்டிக் கொடி நட்டாள். அறையிலிருந்து கிளம்பிய கொடி வரிசை நேராகப் போய் மதிலில் முட்டி நின்றது.

வெயில் ஏறுகிறதே, மீதியை நாளைக்குப் பார்க்கலாமே என்றார் பெரியவர்.

"மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" நர்ஸைக் கேட்டாள்.

"அவங்க வீட்டு பாத்ரூம்."

ரேடார்காரி நர்ஸுக்குக் கை கொடுத்து எழுப்பிவிட்டாள். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"சார், உள்ள போய் ஒரு தடவை ஃப்ளஷ் பண்ணுங்க. உங்க பாதாள அறை என்ன சொல்லுதுன்னு நாங்க இங்க நின்னு கேக்கறோம்."