முந்நூற்று இருபதே வேண்டும்

"அண்ணே, ஒலித் தரத்தை நூத்தி இருபத்தெட்டு கேபிபிஎஸ்ஸுக்குக் குறைச்சா இந்த மெமரி கார்டுல நூத்தி இருபது பாட்டு ஏறும். முந்நூத்தி இருபதுன்னா ஐம்பதுதான்," என்றான் பமாகோ பஸ் நிலையத்தில் பாட்டு ஏற்றித் தரும் யாகுபா.

"முந்நூத்தி இருபதே போடு. கார்டு நிரம்பணும். தட்டப்பயறு தின்னிக்குச் சங்கீதம் என்னடா தெரியும்?" என்றார் டிரைவர் சூமைலா, அந்த ஊரில் ஒரு குலத்தார் இன்னொரு குலத்தாரைச் செய்யும் வழக்கமான கேலியோடு.

இரைச்சலில் பக்கத்து ஆள் பேச்சே காதில் விழாத பஸ்ஸுக்கு உச்சத் தரமா! யாகுபா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏற்றி முடித்தான்.

பஸ் முதலாளி போனை நீட்டியபடி வந்தார். "நானே பாடின பத்துப் பாட்டு. இதையும் ஏத்து தம்பி, பஸ் காயெஸ் ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் ஓடட்டும்."

"ஐயோ, கார்டுல எள்ளு விழக்கூட இடமில்லையே முதலாளி!" என்றார் சூமைலா.

தரத்தைக் குறைத்தால் தாராளமாக இடம் கிடைக்கும் என்று சொல்ல யாகுபா வாயைத் திறந்தான். அதற்குள் முதலாளி கண்ணை மூடி ஒரு வரி பாடிக் காட்டினார்.

"சுத்தமா இடமில்லீங்க," என்றான் யாகுபா.