சொந்தச் செலவு

உங்க உடம்புக்கு முடியாமப் போய் வைத்தியம் பார்க்கறீங்க. நீங்களே சொந்தமா ஒரு கடை வச்சிருக்கீங்க. அந்த ஆஸ்பத்திரிச் செலவைக் கடைக் கணக்குல எழுதலாமா, கூடாதா?

"இது என்ன பில்லுண்ணே?"

ஆடிட்டர் கேட்டதும் சலூன்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வருஷக் கணக்கு முடிக்க ஆடிட்டர் ஆபீசுக்கு வந்திருந்தார். வாடகை ரசீது, கரண்ட் பில், புதுச் சுழல் நாற்காலி வாங்கினது எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தது. நடுவில் இந்த ஒரு பில்லைச் செருகி வைத்திருந்தார்.

"அதுவும் கடைச் செலவுதான் சார்."

"ஆஸ்பத்திரி பேரு போட்டிருக்கே? அங்க போயி யாருக்காவது கட்டிங் பண்ணீங்களா?"

"இல்ல சார். வைத்தியம் எனக்குத்தான். ஆனா தொழிலுக்காகப் பார்த்தது."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் பல்லு கட்டிட்டு வந்து, 'நான் சிரிச்சாத்தான் வியாபாரம் நடக்கும், எழுதுங்க'ன்னாரு." ஆடிட்டர் பில்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "மேல ஒரு துண்டக் காணோமே. என்ன டாக்டர்ங்கறது அங்கதான இருக்கும்?"

"கிழிஞ்சு போச்சு சார்."

"கிழிஞ்ச பேப்பர் இவ்வளவு நேராவா இருக்கும்? ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கு. கத்திரி போட்டிருக்கீங்க."

சலூன்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்ல தெரியுமா?"

"தெரியாது சார்."

ஆடிட்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலை இறக்கினார். "யாருக்காவது பிரசவம் பார்த்த பில்லா?"

"ஐயையோ! பேரன் பேத்தி எடுத்தவன் சார் நான்."

"அப்ப எதுக்கு ஒளிக்கிறீங்க?" சட்டென்று ஆடிட்டருக்கு வேறு ஒரு சந்தேகம் வந்தது. பில்லை மேஜையில் போட்டார். விரல்களைச் சட்டையில் தேய்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "ஒட்டற வியாதி ஏதாவதா?"

"சத்தியமா இல்ல சார்."

"அப்ப கள்ள பில்லு. நான் இத எழுதி, வரி ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேட்டா மாட்டறது யாரு? நீங்க கண்ணாடி முன்னால நின்னு வெட்டிக்கிட்டு இருப்பீங்க, நான் அங்க கைகட்டி நிப்பேன். சொல்றதுன்னா சொல்லுங்க. இல்லையா, கவர எடுத்துக்கிட்டு வேற ஆளப் பாருங்க."

சலூன்காரர் சாத்தின கதவைத் திரும்பி ஒரு தடவை பார்த்தார்.

"சார், இது வெளிய தெரிஞ்சா ஒருத்தன்கூட என் கடைப் படி ஏற மாட்டான். இந்த வயசுல எனக்கு வேற என்ன தொழில் தெரியும், சொல்லுங்க?"

"என் வாயிலேருந்து வராது. சொல்லுங்கண்ணே."

"கை நடுக்கம் சார்."

ஆடிட்டர் அவருடைய கைகளைப் பார்த்தார்.

"இந்த வலது கை திடீர்னு ஆட ஆரம்பிச்சுது. அன்னைக்கே கத்தியக் கீழ வச்சுட்டேன். சொந்தக்காரங்க கல்யாணம்னு சொல்லிக் கடையப் பூட்டிட்டு, டாக்டருகிட்ட ஓடினேன். முழுசா நின்ன பிறகுதான் தெறந்தேன். பாருங்க."

மேஜையில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் இருந்த டம்ளரை எடுத்து நீட்டினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. தண்ணீர் மேலே சின்ன அலைகூட இல்லை.

ஆடிட்டர் டம்ளரைப் பார்த்தார். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தார். மறுபடி டம்ளரைப் பார்த்தார்.

"சரியாயிட்டா நல்லதுதான். ஆனா எழுத முடியாதுண்ணே."

"ஏன் சார்? கத்திரிய சாணை பிடிச்ச காச எழுதினீங்கல்ல? கத்திரிய சாணை பிடிச்சா கடைச் செலவு, அதப் பிடிக்கிற கையச் சரி பண்ணினா கடைச் செலவு இல்லையா?"

"கத்திரி கடையோடது. கை உங்களோடது. அந்தக் கையாலதான சாப்பிடறீங்க? அதாலதான பேரனத் தூக்கறீங்க? உடம்பு வேற, தொழில் வேற. உங்க கைக்கும் உங்க தொழிலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதுண்ணே. அது சொந்தச் செலவு."

சலூன்காரர் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவர் நின்றார்.

"விஷயம் வெளிய போகாதுல்ல சார்?"

"சேச்சே! என்னண்ணே நீங்க. இதனால உங்க கடைக்கு ஒரு குறையும் வராது. நிம்மதியாப் போங்க."

மறுநாள் காலை, இத்தனை வருஷமாக அவருடைய கடையில் மட்டுமே ஷேவ் பண்ணிக்கொண்ட ஆடிட்டர், வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தன் கையாலேயே ஷேவ் பண்ணிக்கொண்டு, தாடையில் ரெண்டு இடத்தில் பிளாஸ்திரியோடு ஆபீசுக்கு வந்தார்.