மங்கம்மாளுக்குக் கிடைக்காத விசா

அக்கா மங்கம்மாள் சொன்ன அந்தக் கதையைத் தனசேகரன் ஐந்து வருஷமாக முழுசாக நம்பியதில்லை. நம்பாமல் இருக்கவும் வழியில்லை. விசா அதிகாரியின் ஜன்னலுக்கு முன்னால் அன்றைக்கு அவளைத் தவிர வேறு யார் நின்றார்கள்?

புதூர்நாடு மலை முழுக்கத் தெரிந்த கதைதான் அது.

மங்கம்மாளின் மகன் வெற்றிவேலுக்கு அமெரிக்காவில் வேலை. மருமகள் நதியா முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவத்தைப் பெண்ணைப் பெற்றவள்தான் பார்க்க வேண்டும் என்பது மலையில் மாறாத வழக்கம். ஆனால் வெற்றிவேல் ஒரே பிடியாக நின்றான். அவன் இருந்தது சின்ன வீடு. ஒருவரைத்தான் வரவழைக்க முடியும். அது என் அம்மாதான் என்றுவிட்டான்.

"சம்பந்தி போனா இன்னா, நான் போனா இன்னா" என்ற நதியாவின் அம்மா செல்லியம்மாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நேர்காணலுக்கு மங்கம்மாளைத் தயார் செய்தவர் தனசேகரன். திருப்பத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார் அவர்.

"திரும்பி வருவீங்களான்னு கேப்பாங்கக்கா. அதுலதான் எல்லாம் இருக்குது. சாமை அறுப்பு வருது, மாத்தாள் பாக்கி கெடக்குது, வந்துதான் ஆவணும்னு சொல்லு."

இன்றைக்கு நீ என் கொல்லையில் அறுத்தால் நாளைக்கு நான் உன் கொல்லையில் அறுக்க வேண்டும். அதுதான் மாத்தாள். அந்தப் பாக்கியை வைத்துவிட்டு மலையில் ஒருவரும் ஓடிப்போக மாட்டார்கள்.

மங்கம்மாள் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினாள். ஒரு சொல் பிசகவில்லை.

சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குள் போனவள் போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"இன்னாக்கா ஆச்சு?"

"இல்லைன்னுட்டாங்க."

தமிழ் பேசிய ஒரு வெள்ளைக்காரப் பெண், திரும்பி வருவீர்களா என்று கேட்டாளாம். இவள் நிமிர்ந்து நின்று, "நான் யாருக்கும் மாத்தாள் பாக்கி வெக்கலம்மா. எல்லாம் தீத்துட்டேன். ஊர்ல எனக்காக ஒரு வேலையும் காத்துனு இல்ல" என்றாளாம்.

தனசேகரன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

விஷயம் தெரிந்து மலையே சிரித்தது. வீண் பெருமை பேசி வந்த விசாவை விரட்டியவள் என்றார்கள். ஜீப்பு ஓட்டும் மோகன், "பெரீம்மா, வண்டி அமெரிக்கா போவுது, ஏறிக்கிறியா?" என்று கேட்டான். "மொதல்ல திருப்பத்தூருக்கு ஒழுங்காப் போ. அப்பால பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு மங்கம்மாள் ஏறி உட்கார்ந்தாள்.

வெற்றிவேல் போனில் கத்தித் தீர்த்தான். பிறகு வேறு வழியில்லாமல் மாமியாருக்கு ஏற்பாடு செய்தான். செல்லியம்மாளுக்கு விசா கிடைத்தது. மகளின் பிரசவத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தாள். அந்த ஐப்பசியில் அவள் கொல்லைச் சாமையை அறுத்து, அடித்து, தூற்றி வீடு சேர்த்தவள் மங்கம்மாள்.

தனசேகரனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நாம் சொல்லிக் கொடுத்த விதம்தான் சரியில்லையோ என்று பல நாள் தன்னையே கேட்டுக்கொண்டார். ஆனால், ஜமாபந்தியில் கலெக்டருக்கு முன்னால் நின்று தன் புளியமரங்களுக்காக நிதானமாகப் பேசி ஜெயித்தவள் அக்கா. அவளுக்கா வாய் தவறும்?

இந்த வருஷம் வெற்றிவேல் குடும்பத்தோடு ஊருக்கு வந்தான். பேத்தி செல்லியம்மாளின் மடியை விட்டு இறங்கவில்லை. மங்கம்மாள் தூரத்திலிருந்து பார்த்துச் சிரித்துவிட்டுக் களத்துக்குப் போய்விட்டாள்.

பேச்சு பழைய விசாவுக்குத் திரும்பியது. "ஒன்னைய இன்னா கேட்டாங்க?" என்று தனசேகரன் செல்லியம்மாளைக் கேட்டார்.

"அதே கேள்விதாண்ணே. திரும்பி வருவியான்னு. எங் கொல்லையில எஞ் சம்பந்தி ஒண்டியா அறுத்துனு இருப்பா, அவளுக்கு நான் மாத்தாள் செய்யணும், வராம எப்பிடின்னேன். ஒடனே குடுத்துட்டாங்க."

"நல்ல பதில். யாரு சொல்லிக் குடுத்தது?"

"வேற யாரு, சம்பந்திதான். அது மெட்ராஸ் கெளம்பறதுக்கு மொத நாளே எங்க வூட்டுக்கு வந்து, ஒன்னையக் கூப்ட்டா இப்பிடிச் சொல்லுன்னு மனப்பாடம் பண்ண வெச்சிட்டுப் போச்சு. அதுக்கு எப்பவும் எனக்கும் சேத்துத்தான் ரோசனை."

தனசேகரன் எழுந்து களத்துக்கு நடந்தார்.

மங்கம்மாள் காற்றுக்கு முகம் கொடுத்து முறத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தாள். நான் போக மாட்டேன் என்று அவள் நேராகச் சொல்லியிருந்தால் மகன் கேட்டிருக்க மாட்டான். நதியாதான் தடுத்தாள் என்று பழி அந்தப் பெண்மேல் விழுந்திருக்கும். ஊரின் சிரிப்பை மட்டும் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டு, ஐந்து வருஷமாக இப்படி நிமிர்ந்தே நிற்கிறாள்.

தனசேகரன் பக்கத்தில் போய் நின்றார்.

"அக்கா, ஒனக்கு விசா கெடைக்காதுன்னு மொத நாளே ஒனக்கு எப்பிடித் தெரியும்?"