இரண்டு நாள் டிரையல்

“பெட்ரோல் ஊத்தி ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க” என்றாள் பிரபா.

கடைக்காரர் சேஷகிரி மரம் அறுக்கும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

இதை மட்டும் கடையில் கேட்டுவிடாதே என்று, பீன்யா கம்பெனியில் அவளோடு வேலை பார்க்கும் ஸ்டோர்ஸ் ராஜேந்திரன் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு சொட்டு பெட்ரோல் டேங்கில் இறங்கினாலும் புது மெஷின் பழசாகிவிடும். எந்தக் கடைக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார். வீட்டு வேலைக்குப் பதினாறு அங்குல பிளேடு போதும், மெஷின் கையை உதறினால் செயின் தானாக நிற்கிற பிரேக் இருக்கிறதா பார், உதிரி செயின் உள்ளூரில் கிடைக்குமா கேள், அதற்கு மேல் வாயைத் திறக்காதே என்றார்.

பிரேக் இருந்தது. உதிரி செயின் கிடைக்குமாம். விலைதான் உறுத்தியது.

அதிகம் இல்லை. குறைவு.

பக்கத்தில் இருக்கும் அதே மாடலைவிட இது எப்படி இவ்வளவு மலிவு என்று கேட்டாள். அட்டைப்பெட்டி கிழிந்துவிட்டது, அதனால்தான் என்றார் சேஷகிரி.

பெட்டி கிழிந்ததற்காக விலையைக் குறைக்கிற கடைக்காரரை அவள் சொந்த ஊரான சந்தாபுராவில் பார்த்ததில்லை.

கண்டக்டர் கிழிக்கிற டிக்கெட்டைக்கூடத் தேதி பார்த்துத்தான் வாங்குவாள். வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. அதுவரை எல்லோரும் படிக்காமல் ஏமாந்ததற்கும் சேர்த்து அவள் ஒருத்தியே சந்தேகப்பட வேண்டியிருந்தது.

அண்ணன் ரகுராமை மட்டும் சந்தேகப்பட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் ஆபீசுக்கு போன் செய்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அடித்த காற்றில் கொல்லைப் பலா வேரோடு சாய்ந்துவிட்டதாம். குறுக்கே கிடக்கிறதாம். கோடரியை வைத்துக்கொண்டுதான் துண்டு போட வேண்டுமாம்.

ஹாஸ்டலுக்குத் திரும்பி வெகுநேரம் அழுதாள். அப்பா சாவதற்கு முந்தின வருஷம் அந்த மரத்தில், அவள் தோள் உயரத்துக்கு ஆறு அங்குல ஆணி ஒன்றை அடித்து, இதற்குக் கிழக்கே இருக்கிற நிலமெல்லாம் பாப்பாவுக்கு என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். எழுத்தில் எதுவும் கிடையாது. அந்த மரம்தான் இருந்தது.

மரமே போய்விட்டது, இனி எல்லை எதற்கு, மொத்தமாக விற்றுவிடலாம், உன் கல்யாணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் ரகுராம். அவள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய பத்திரத்தின் நகல் கூரியரில் வந்தது. திங்கட்கிழமை ஆனேக்கல் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து. சரி என்று சொல்லியிருந்தாள்.

அவன் ஒண்டியாளாகக் கோடரியோடு மல்லுக்கட்டுவானே என்றுதான் இன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் இந்தக் கடைக்குள் நுழைந்தாள்.

“ஏம்மா, ஓட்டல்லகூட இட்லிய கடிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குவீங்களா?” என்றார் சேஷகிரி.

பிரபா டேங்க் மூடியைத் திருகி முகர்ந்தாள். பெட்ரோல் ஊற்றாத மெஷினில் பெட்ரோல் வாடை அடித்தது.

பிளேடை மூடியிருந்த தகட்டின் இரண்டு நட்டுகளும் விரலால் திருகவே கழன்று வந்தன. தகட்டின் உட்புறம் ஆயிலில் ஊறிய மரத்தூள் அப்பியிருந்தது.

மஞ்சள் நிறம். சமையல் மஞ்சளைக் குழைத்துத் தடவியது போல.

அதை விரல் நுனியில் வழித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டி, இதுதான் புதுசா என்று கேட்டாள்.

சேஷகிரியின் குரல் இறங்கிவிட்டது. உள்ளூர்ப் பையன் ஒருவன் போன சனிக்கிழமை எடுத்துப் போனானாம். இரண்டு நாள் டிரையல் பார்த்துவிட்டு வாங்குகிறேன் என்றானாம். இந்தப் பக்கம் எல்லோரும் இப்படித்தான், வீட்டு வேலையை முடித்துக்கொண்டு, இழுவை பத்தவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று புலம்பினார். இவன் மரத்தில் இருந்த ஆணியைக்கூடப் பார்க்காமல் அறுத்துச் செயினையும் கெடுத்துவிட்டான்.

தான் சொல்வது பொய்யில்லை என்று காட்ட, மேஜைக்கு அடியிலிருந்து அந்தச் செயினை எடுத்துப் போட்டார். வரிசையாக நாலு பல் ஒடிந்திருந்தது.

“வேற செயின் கொண்டாந்து குடுத்துட்டு கார்டை எடுத்துட்டுப் போடான்னேன். இன்னும் வரல பாருங்க” என்று டிராயரை இழுத்தார்.

ஈடாக வாங்கி வைத்த ரேஷன் கார்டு.

அதில் ஒட்டியிருந்த குடும்பப் போட்டோவில் நான்கு பேர். ஓரத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், போட்டோ எடுப்பவனையே நம்பாதவள் போல முறைத்துக்கொண்டு நின்றாள்.

சேஷகிரி போட்டோவைப் பார்த்தார். பிறகு பிரபாவைப் பார்த்தார்.

மெஷின் போனது சனிக்கிழமை. காற்று அடித்தது ஞாயிற்றுக்கிழமை.

அவள் கார்டை எடுத்துக் கைப்பையில் போட்டாள். செயினையும் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. ஆயில் ஒட்டிக்கொள்ளும், சுற்றித் தருகிறேன் என்று பழைய பேப்பரைத் தேடினார்.

“வேணாம். என்கிட்டயே இருக்கு” என்றாள்.

கைப்பையிலிருந்து பத்திர நகலை எடுத்து மேஜை மேல் விரித்தாள். நடுவில் செயினை வைத்து நான்கு பக்கமும் மடித்தாள். அவள் பெயருக்கு மேலே கையெழுத்துக்காக விட்டிருந்த இடத்தில் ஆயில் ஊறிப் பரவியது.

பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, படியிறங்கி, வீட்டுப் பக்கம் நடந்தாள்.